என் தங்கையின் செங்குழியங்கள்

2009 மே 18, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றில் எட்டு வாளி அள்ளித் தொட்டியை நிரப்பினேன். 5.15க்குத் தேநீர் ஊற்றினேன். எனக்குச் சீனி இல்லாமல், தங்கைக்கு ஒன்றரைக் கரண்டி. 5.30க்கு அவளை எழுப்பினேன். எழும்ப மறுத்தாள்.

"கால் வரமாட்டனெண்டுது" என்றாள்.

இரண்டு வாரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, கையைப் பிடித்து எழுப்பிக் கதிரையில் இருத்தினேன். அரைத்துண்டு பாண், முந்தைய நாள் மீன்குழம்பு. பாணில் கால்வாசியை மிச்சம் வைத்தாள். 6.50க்குப் பக்கத்து வளவு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் புறப்பட்டேன். சோதனைச் சாவடியில் பதினொரு நிமிடம். 7.40க்கு ஆஸ்பத்திரி. இரத்தம் எண்ணும் மெசினைக் கழுவி, அளவு சரிபார்த்து, 8.10க்கு முதல் மாதிரியைப் போட்டேன்.

அன்றைய நாட்குறிப்பில் இதுவரைதான் இருக்கிறது. மிச்சப் பக்கம் வெறுமை. முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பாதியில் நின்ற பக்கம் அது ஒன்றுதான். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். இரத்தம், சிறுநீர், சளி இவற்றைப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். கல்யாணம் செய்யவில்லை. தங்கை எனக்குப் பதின்மூன்று வயது இளையவள். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாளே அவளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் இரண்டாக இருக்கும் இருபத்தோராவது நிறமூர்த்தம் அவளுக்கு மூன்று. அது என்ன என்று எனக்கு விளங்கியது நான் இந்தத் தொழிலைப் படித்தபோதுதான். அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

"கூடத்தானே இருக்கு, குறையல்லியே" என்றார் அம்மா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அவளுடைய இரத்தத்தை முதல்முதலாக நுணுக்குக்காட்டியில் பார்த்தது 1995இல், ஒரு காய்ச்சலின்போது. அப்போது எங்களிடம் மெசின் கிடையாது. சிறு கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரத்தத்தை மெல்லியதாக இழுத்து, உலர்த்தி, சாயம் போட்டுப் பார்ப்போம். செங்குழியம் பெரிதா சிறிதா என்று தெரிந்துகொள்ள அதே தட்டில் நிணநீர்க்குழியம் என்ற சிறிய வெண்குழியம் ஒன்றைத் தேடுவோம். அதன் ஊதா நிறக் கருவும் ஆரோக்கியமான செங்குழியமும் ஏறத்தாழ ஒரே அளவு. அளவுகோல் இரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த முறையில் எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது.

தங்கையின் செங்குழியங்கள் அந்தக் கருவைவிடப் பெரிதாக இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. பயந்துபோனேன். விற்றமின் குறைந்தால் செங்குழியம் பருக்கும் என்பதுதான் நான் படித்த பாடம். வைத்தியரிடம் சொல்லி ஊசி எழுதுவித்தேன். கிழமைக்கு ஒன்றாக மூன்று மாதம் போட்டது. ஊசி நாளில் அவள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

"ஊசிக்கள்ளன் வந்திட்டான். அம்மா, நான் இல்லண்டு சொல்லு."

அம்மா குனிந்து பார்த்து, "இஞ்ச ஒருத்தரும் இல்ல மனே, ஒரு சோடிக் கால் மட்டும் கிடக்கு" என்பார். கால்கள் உள்ளே இழுபடும்.

மூன்று மாதம் கழித்தும் குழியங்கள் அப்படியே இருந்தன. மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் மூத்த வைத்தியர் ஒருவரிடம் தட்டைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பிள்ளையையும் பார்த்தார்.

"தம்பி, இவங்களுக்குச் செங்குழியம் பெரிசாத்தான் இருக்கும். நிறையப் பேருக்கு அப்பிடி. ஏன் எண்டு இன்னும் சரியாத் தெரியாது. வருத்தமில்லை. இதைத் துரத்திக்கொண்டு திரியாதீங்க."

அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினேன்: 'பெரிது. அவளுக்கு அதுவே சரி.' அந்த வசனத்தை நான் விளங்கிக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் விடவில்லை. வருடத்துக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் கடைசி ஞாயிறு, ஆய்வுகூடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து அவளைக் கூட்டிப்போய் ஒரு சிறு குழாய் இரத்தம் எடுப்பேன். இப்படிப்பட்டவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்று வாசித்திருந்தேன். வெண்குழியங்களுக்காகத்தான் பார்த்தேன். செங்குழியத்துக்கு எதிரே ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: 'பெரிது.' ஆய்வுகூட உதவியாளர் ஏறாவூர்க்காரர், என்னைவிட நான்கு வயது இளையவர், அண்ணனைக் 'காக்கா' என்று சொல்பவர். தங்கை அவரைக் கண்ட நாள்முதல் 'மாப்பிள்ள' என்றுதான் கூப்பிடுவாள்.

"மாப்பிள்ள, எனக்கு என்ன கொண்டந்த?"

"உனக்கா? உன்ட காக்கா உன்னில ரெத்தம் உறிஞ்சிறாரே, அதில பாதியத் தாறன்."

"அண்ணன் நுளம்பு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

2004 டிசம்பரின் கடைசி ஞாயிறு இருபத்தாறாம் திகதி. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த மணல் மேட்டில். ஆஸ்பத்திரி வாவிக்கு மறுகரையில். காலை 7.30க்கு அவளைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். 8.25க்கு இரத்தம் எடுத்தேன். தட்டில் சாயம் போட்டு, கழுவி, சாய்த்து வைத்த நேரம் வெளியே ஆட்கள் ஓடும் சத்தம். அம்மா வீட்டில் இருந்தார். நான்காம் நாள் அம்மாவை அடையாளம் காட்டினேன். வீடு இருந்த இடத்தில் கிணற்றின் வளையம் மட்டும் மணலுக்குமேல் நின்றது.

அந்தத் தட்டை ஜனவரி இரண்டாம் கிழமைதான் பார்த்தேன். வழக்கம்போலப் பெரிது. அவளுடைய இரத்தத்தை என் கண்ணால் பார்த்தது அதுதான் கடைசி, நான் சொல்லப்போகும் நாள்வரைக்கும்.

ஏழு மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது பெண்கள் பக்கத்தில் சத்தம் கேட்டது.

"ஆம்பிளையள் திரியிற இடத்தில இதையா கொடியில போடுற? உனக்கு வயசு முப்பது! வெக்கம் இல்லியா?"

"கொம்மா இருந்தா இப்பிடி விடுவாவா? கொண்ணன் கண்டா என்ன நினைப்பான்?"

நடுவில் என் தங்கை நின்றாள். கையில் துவைத்த துணி ஒன்றைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். என்ன துணி என்று எனக்கு விளங்கியது. வாளிகளை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி நடந்தேன். அம்மா இருந்தவரைக்கும் அந்த விடயத்தில் எங்கள் வீட்டில் ஆண் ஒருவர் வாய் திறந்ததில்லை. அம்மாதான் அவளுக்கு நாள் கணக்கு வைத்தார், கழுவினார், உலர்த்தினார். இனி அங்கிருந்த பெண்கள் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களும் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சொன்னால் அதை உயிருள்ளவரை விடாதவள் அவள்.

பிறகு தன்னாமுனைப் பக்கம் இரண்டு அறை கொண்ட ஒரு வீடு கிடைத்தது. வாவி வளவின் பின்பக்கம். அவளுக்காக நாட்குறிப்பில் ஒரு தனிப்பகுதி தொடங்கினேன்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எவ்வளவு, மலம், நித்திரை, நிறை, காய்ச்சல், மாத்திரை. இன்றைக்கும் அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்க்கிறேன். ஒரு வைத்தியருக்குக் கொடுத்தால் மெச்சுவார். நான்கு வருடத்துக்குமேல் எழுதியதில் அந்த ஒரு விடயத்துக்கு ஒரு சொல்கூட இல்லை.

கடல் வந்து போன மறு வருடம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெசின் அன்பளிப்பாக வந்தது. குழாயைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் எண்ணி, செங்குழியத்தின் சராசரிப் பருமனையும் அச்சடித்துக் கொடுக்கும். அளவு கூடினால் எண்ணுக்குப் பக்கத்தில் எச், குறைந்தால் எல். சரியாக இருந்தால் ஒன்றும் இராது. முதல்முறை தங்கையின் பருமனுக்குப் பக்கத்தில் எச் இருந்தது. அதைத்தான் எதிர்பார்த்தேன், தட்டு இழுக்கவில்லை. அடுத்த ஜூனிலும் எச், ஆனால் எண் சற்றே குறைவு. டிசம்பரில் இன்னும் குறைவு. 2007 ஜூனில் எச் இல்லை.

வாவிக்கு மேற்கே ஷெல் அடி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அகதிகளால் ஆஸ்பத்திரி நிரம்பியிருந்தது. நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்தின் நடுவில் நின்றது நினைவிருக்கிறது. நான் பார்த்த பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவையாக அவளுடைய இரத்தத்தில் ஒரு குறியும் இல்லை. ஈமோகுளோபின் கீழ் எல்லையை ஒட்டி நின்றது. இங்கே பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். உதவியாளரிடம் தாளைக் காட்டினேன்.

"பாத்தீரா? எல்லாரையும் போல."

"அப்ப இனிப் பொண்ணுக்குக் கலியாணம் பேசலாம்" என்றார்.

அன்று பின்னேரம் அவளைப் புளியந்தீவுக்குக் கூட்டிப்போய்ப் பலூடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தாள். அடியில் கிடந்த ஐஸ் துண்டுகளைக் கடித்துக் கடித்துத் தின்றாள். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'பருமன் சாதாரணம். கடவுளுக்கு நன்றி.' பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன். தாளின் மறுபக்கத்தில் தடம் தெரிகிறது.

அதன்பின் அவள் பச்சரிசி தின்னத் தொடங்கினாள். குறிப்பில் இருக்கிறது: 'அரிசிப் பானைக்குள் கை. ஏசினேன்.' ஒரு மாதத்தில் ஒன்பது தடவை. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் தின்றதற்கும் ஏசியிருக்கிறேன். அதெல்லாம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி என்று நான் படிக்காமல் இல்லை. 2008இல் ஈமோகுளோபின் எல்லைக்குக் கீழே இறங்கியது. நான் ஒழுங்காக யோசித்தேன், அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. இரும்புச்சத்துக் குறைந்தால் செங்குழியம் சிறுக்கும். இவளுடையது சிறுக்கவில்லை, சாதாரணம். ஆகவே இரும்பு அல்ல. மலத்தில் பூச்சி பார்த்தேன், இல்லை. சிறுநீர் பார்த்தேன், சுத்தம். சளி பார்த்தேன். வெளிநோயாளர் பிரிவு வைத்தியரும் தாளைப் பார்த்து, பருமன் நன்றாக இருக்கிறது, சத்துணவு கொடுங்கள் என்றார். முட்டை கொடுத்தேன். தட்டு ஒன்று இழுத்து என் கண்ணால் பார்த்திருக்கலாம். மெசின் வந்த பிறகு பருமனில் குறி இல்லாத மாதிரிக்குத் தட்டு இழுப்பதில்லை என்பது எங்கள் வேலைமுறை. நான் எழுதி ஒட்டிய முறைதான் அது.

மே 18இல் பத்தரை மணிக்குப் பக்கத்து வளவு அக்கா அவளை ஓட்டோவில் கொண்டுவந்தார். கிணற்றடியில் விழுந்து கிடந்தாளாம். உதடு வெளுத்து, கடுதாசி போல. மூச்சு வாங்கியது. நானே இரத்தம் எடுத்தேன். குழாயிலேயே தெரிந்தது, தண்ணீர் போல. ஈமோகுளோபின் மூன்றுக்கும் கீழே. செங்குழியப் பருமன் சாதாரண எல்லையின் அடிவிளிம்பில் நின்றது. அதன் பக்கத்தில் குறி இல்லை.

நோயாளர் விடுதியின் இளம் வைத்தியர் தாளோடு ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். தெற்கிலிருந்து வந்தவர், இங்கே வந்துதான் தமிழ் பழகினார்.

"அண்ணா, இவ்வளவு குறைவு, ஆனா பருமன் சரி. எனக்கு விளங்க இல்லை. இவங்களுக்கு முன்னே எவ்வளவு இருந்தது?"

"முன்னே எப்பவும் பெரிசு டொக்டர். பிறந்ததில இருந்து பெரிசு. அது அவங்களுக்குச் சரியான…"

என் வாயிலிருந்து வந்ததை என் காது கேட்டது. பெரியது அவளுக்குச் சரி என்றால் சாதாரணம் அவளுக்குச் சிறியது. நான்கு வருடமாக அவள் சிறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லோருடைய எல்லைக்குள் அவள் வந்து சேர்ந்த அன்று நான் பலூடா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தட்டு இழுத்தேன். முதல் இரண்டும் தடித்துப்போயின. மூன்றாவதில் பார்த்தேன். ஒரு சிறிய நிணநீர்க்குழியத்தைத் தேடிப் பிடித்தேன். பக்கத்தில் கிடந்த குழியங்கள் அதன் கருவின் அளவுதான். ஆனால் நடுவெல்லாம் வெளிறி, ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளையம். முதலாம் ஆண்டு மாணவனும் சொல்வான். மெசின் பருமனை மட்டும் சொன்னது என்று அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. நிறம் குறைந்ததற்கு எல் என்று ஒரு குறி வேறொரு வரியில் இருந்திருக்கிறது. ஈமோகுளோபின் குறைந்த தாளில் அதுவும் குறையும்தானே என்று நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

விடுதி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு எங்கேயாவது இரத்தம் போகிறதா என்று கேட்டேன். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாகக் கேட்டேன்.

"தம்பி, உங்களுக்குத் தெரியுமெண்டுதானே நான் இருந்த. மாசத்தில பத்து நாள், பன்னிரண்டு நாள். வெள்ளமாப் போகும். துணியெல்லாம் வாவியில கொண்டு தாட்டுப்போட்டு வருவா. நான் கேட்டா, 'சொல்லாத கா, அண்ணன் ஆம்பிள'யெண்டுவா. மறுகா நான் என்னெண்டு உங்களுக்கிட்ட அதைக் கதைக்கிற?"

அந்தப் பெண்ணில் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன உரிமை?

அவளுடைய வகை இரத்தம் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பொதிதான் இருந்தது. அந்த மாதம் கிடைத்த பொதியெல்லாம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. உதவியாளர் என்னிடம் கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். ஒரு மணிக்கு முதல் பொதியை மெதுவாக ஏற்றத் தொடங்கினார்கள். வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது என்றார் வைத்தியர். தங்கை குழாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"இது ஆருட ரெத்தம்?"

"இது வேற ஆரோ. அடுத்தது மாப்பிள்ளட."

"மாப்பிள்ளட வேணாம். அவன் கறுப்பு."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். தங்கையும் சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வரவில்லை.

இரண்டரை மணியளவில் வீதியில் வெடி வெடித்தது. ஒன்று, பிறகு தொடர்ச்சியாக. விடுதியில் இருந்தவர்கள் கட்டிலுக்குக் கீழே குனிந்தார்கள். பிறகு வாசலில் நின்ற ஒருவர் மெல்லிய குரலில், சீன வெடி, ஆமிக்காரர் கொளுத்துகிறார்கள் என்றார். அந்த விடுதியில் வன்னியில் சொந்தம் இல்லாதவர்கள் குறைவு.

"என்ன அண்ணன் சத்தம்?"

"ஒண்டுமில்ல மனே. சண்டை முடிஞ்சிட்டாம்."

அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்கும். வானொலியில் ஆட்டம் முடிந்ததும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஆரு வெண்ட?"

போர்வையை இழுத்துவிட்டேன். கால்கள் வீங்கியிருந்தன, விரலால் அழுத்தினால் குழி நின்றது. கால் வரமாட்டேன் என்கிறது என்று இரண்டு வாரமாகச் சொன்னாள். நான் சோம்பல் என்று எழுதியிருந்தேன்.

3.50க்கு மூச்சு மாறியது. வைத்தியர் இரத்தத்தை நிறுத்தி ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தினார். அவர் தன்னால் இயன்றதைச் செய்தார். 4.35க்கு நிறுத்திக்கொண்டார். உதவியாளரின் பொதி சோதனை முடிந்து 4.50க்கு வந்தது. அதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். வேறு யாருக்காவது உதவும்.

மரணச் சான்றுத் தாளை இருட்டுவதற்குமுன் கையில் கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், படிக்கவில்லை. வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்த பிறகு, பெண்கள் அவளைக் குளிப்பாட்ட உள்ளே போனபோது, முற்றத்தில் நின்று படித்தேன். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் டவுன் சிண்ட்ரோம் என்று எழுதியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். 6.20க்கு விடுதியில் அந்த வைத்தியர் இருந்தார், அவரும் நித்திரை கொள்ளாதவர் போல. தாளை மேசையில் வைத்தேன்.

"டொக்டர், இதை மாத்தித் தர வேணும்."

படித்தார். "அண்ணா, பதிவுக்கு இது போதும். இனி என்ன வித்தியாசம்?"

"அவ முப்பத்தைஞ்சு வருசம் அதோடதான் இருந்தவ டொக்டர். அது அவவைக் கொல்லயில்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைக் குறுக்கே கோடிட்டு ஒதுக்கிவிட்டு, இழுப்பறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். இரும்புச்சத்துக் குறைவினால் இரத்தச்சோகை என்று முதல் வரியில் எழுதினார். கீழ் வரியில் அதன் காரணத்தை எழுதவேண்டும், என்ன காரணம் என்று கேட்டார். அந்த ஒரு விடயத்தைப் பெயரிட்டுச் சொன்னேன். எழுதிக் கையொப்பமிட்டார். எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன்.